ஆறில்லாத டிகாலில் தண்ணீர் சேர்த்த விதம்

குவாதமாலாவின் பெட்டேன் காட்டுக்குள் இருக்கும் டிகாலைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஃப்ளோரெஸில் தங்கி, விடியும் முன்பே வேன் பிடித்து சுமார் 65 கிலோமீட்டர் போவார்கள். 47 மீட்டர் உயர முதல் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த மாயா நகரத்தின் ஆகப்பெரிய பொறியியல் வேலை உயரத்தில் இல்லை. அரண்மனைத் தொகுதிக்குத் தெற்கே மரம் மண்டிக் கிடக்கும் பள்ளத்தில் இருக்கிறது. வழிகாட்டியிடம் கேட்டால்தான் காட்டுவார்.

அங்கே ஓடுகிற ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை வெடிப்புகள் வழியே இறங்கிவிடும், நிலத்தடி நீரோ கிணறு எட்டாத ஆழத்தில். மழைக்காலம் போனால் பல மாதம் வறட்சி. ஆக, மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு.

கோயில் கட்டக் கல் வெட்டிய பள்ளமே குளமானது. வெடிப்புகளைக் களிமண்ணாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் அடைத்தார்கள். முற்றங்களுக்கும் சாந்து பூசி, தண்ணீர் குளத்துப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்தார்கள். காட்டு மண் மழையைக் குடித்துவிடும். பூசிய தரை அப்படியே வழிந்தோட விடும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். நகர மையத்தின் வடிபரப்பு சுமார் 62 ஹெக்டேர். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 93 கோடி லிட்டர் விழும். ஆவியும் கசிவும் போக மீதிதான் கைக்கு வரும், ஆனாலும் அது சின்னத் தொகை அல்ல.

சாந்துக்கான செலவைச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். மற்ற 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். நீற்றிப் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும். சூடு போதாவிட்டால் கல்லின் நடுப்பகுதி வேகாது. அத்தனைக்கும் விறகு வேண்டும். விறகுக்கு மரம் வெட்டிய சரிவிலிருந்து மண் கரைந்து வந்து குளம் தூர்ந்துபோகும், தூர் வாருவது ஓயாத வேலையாகும்.

குளங்களில் பெரியது அரண்மனைக் குளம். அதன் அணை சுமார் 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம். வெட்டுக்கல்லும் மண்ணும் போட்டுக் கட்டியது. கொள்ளளவு ஏறக்குறைய 7.5 கோடி லிட்டர் என்று 2012இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கோரியென்டால் என்ற இன்னொரு குளத்தில்தான் உண்மையான வியப்பு. அதன் வண்டலில் குவார்ட்ஸ் மணலும் சியோலைட் என்ற எரிமலைக் கனிமமும் கிடைத்தன. இரண்டும் அந்த இடத்துக்கு உரியவை அல்ல. சுமார் 30 கிலோமீட்டர் வடகிழக்கே உள்ள ஒரு தாழ்நிலத்தின் பக்கமிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும் என்று 2020இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வரத்து வாயில் இவற்றைப் பரப்பி, தண்ணீரை அதன் வழியே விட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் முடிவு. மணல் தூசு தும்புகளைத் தடுக்கும். சியோலைட்டின் வேலை வேறு. அதன் படிகத்தில் சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியம் உட்கார்ந்திருக்கும். அதனால் சட்டகத்துக்கு எதிர்மின்னூட்டம் வரும். அதை ஈடுகட்ட, நுண்துளைகளில் சோடியம், கால்சியம் அயனிகள் தளர்வாக ஒட்டியிருக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியம் தண்ணீரில் இருந்தால் சோடியத்தை வெளியே விட்டு அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட படுகையின் எதிரி திடீர் வெள்ளம்: வேகமாக வரும் நீர் மணலை வாரிக் குளத்துக்குள் தள்ளிவிடும், படுகையைப் புதிதாகப் போட வேண்டும்.

அரண்மனைக் குளத்திலும், கோயில் குளம் எனப்படும் இன்னொன்றிலும் சியோலைட் தென்படவில்லை. அங்கே வண்டலில் பாதரசம் நிறைய இருந்தது. கட்டடங்களிலும் அரச சமாதிகளிலும் பூசிய சிவப்பு நிறமி சின்னபார், அதாவது பாதரச சல்ஃபைடு. மழை அதைக் கழுவிக் கொண்டுவந்தது. தண்ணீரைக் குளத்துக்குச் சேர்த்த அதே வாட்டம் விஷத்தையும் சேர்த்தது. சாப்பாட்டு மிச்சத்திலிருந்தும் குப்பையிலிருந்தும் பாஸ்பேட்டும் வந்தது. வெயிலில் நீர் வற்றி அது செறிவாக, பிளாங்க்டோத்ரிக்ஸ், மைக்ரோசிஸ்டிஸ் எனும் நீலப்பச்சைப் பாசிகள் பெருகின. இரண்டின் மரபணுத் தடயமும் வண்டலில் கிடைத்திருக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் சிதையாது. உயிரணு வெடித்து நீரில் கலக்கத்தான் செய்யும். அரண்மனைக் குளம் அரச குடும்பத்து வாசலில் இருந்தது. டிகாலில் தேதி பொறித்த கடைசிக் கல்தூண் 869ஆம் ஆண்டுக்குரியது. அந்த நூற்றாண்டின் வறட்சிகளில் இருந்த கொஞ்சத் தண்ணீரும் இந்த நிலையில் இருந்தது ஊர் காலியானதற்கு ஒரு காரணம் என்கிறது, இந்த வண்டலை ஆராய்ந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு.