துப்பாக்கியில் தேய்மானம் எது, கோளாறு எது?

மண்வெட்டி இலை வெள்ளி மாதிரி மின்னினால் எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உழைத்த மண்வெட்டி அப்படித்தான் இருக்கும். பிடி நுழைகிற கழுத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் மட்டும் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடும். ராணுவத்தில் 22 வருஷம் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுதுபார்ப்பவனாக இருந்த நான் துப்பாக்கியையும் இதே கண்ணால்தான் பார்த்தேன்.

இன்சாஸ் துப்பாக்கி வரும்வரை எங்கள் கோத்தில் (ஆயுத அறையில்) இருந்தது இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கி. 7.62 எம்எம், மேகசின் என்கிற தோட்டாப் பெட்டிக்கு 20 தோட்டா. சாதாரண உரிமத்தில் இந்த வகை கிடைக்காது. ஆனால் ஆயுதப்படைக்கும் என்.சி.சி.க்கும் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் இது வருகிறது. விடுப்பில் வந்ததும், "மாமா, உள்ளே கறுப்பெல்லாம் போயி பளபளன்னு இருக்கு, மாத்தித் தரச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். ஒவ்வொரு முறை சுடும்போதும் பேரலிலிருந்து கொஞ்சம் வாயு பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. ஸ்லைடு என்கிற நகரும் பாகம் பின்னே போய், பேரலின் பின்வாயை அடைக்கும் ப்ரீச் பிளாக்கைத் தூக்கி, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிகிறது. இரும்பு இரும்போடு உரசுகிற இடத்தில் கறுப்புப் பூச்சு போகத்தான் செய்யும். கூடு வெளியேறும் வாயின் ஓரத்தில் பித்தளைத் தீற்றல், பிஸ்டன் தலையில் கரி, இதெல்லாமும் சகஜம். கரி சேர்ந்து கூடு சோம்பலாக விழுந்தால், வாயுவை வெளியே விடும் கேஸ் ரெகுலேட்டரை ஓரிரு புள்ளி மூடுவோம், பிஸ்டனுக்கு வாயு கூடும். அதுவும் கோளாறு இல்லை. நன்றாகத் துடைத்த பிறகும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மூட வேண்டியிருந்தால் அப்போது ஆர்மரரிடம் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியை விட அது துப்பின காலிக் கூட்டை நான் அதிகம் நம்புவேன். ஒரு முறை சுடும் மைதானத்தில் பொறுக்கின கூடுகளில் ஒன்றின் அடியிலிருந்து அரை விரற்கடை மேலே மெல்லிய பளபளப்பான வளையம் ஓடியது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தேன், அதே இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. கூடு அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் இரண்டாகப் பிய்ந்துவிடும். அந்தத் துப்பாக்கியோ கறுப்பு கலையாமல் புதுசு மாதிரி இருந்தது. ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடின ப்ரீச்சுக்குள் தோட்டாவுக்கு இருக்கும் இடம், அதிகமா என்று பார்க்க 'நோ-கோ' என்ற அளவுக் கட்டையைப் போட்டேன். ப்ரீச் மூடக் கூடாது. மூடியது. வைத்திருந்த ஜவானுக்கு மனசே இல்லை, "இருக்கிறதிலேயே நல்ல துப்பாக்கி சார்" என்றான். அன்றைக்கே ஒதுக்கி வைத்தேன்.

கூட்டின் அடியில் ஊசி அடிக்கும் கேப்பில் ஓட்டை, கூட்டில் நீளவாக்கில் வெடிப்பு, கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கடித்து அடிவிளிம்பு பிய்ந்திருப்பது, இவையும் கூடு சொல்லும் சேதிதான்.

அப்புறம் துரு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒரே ராத்திரியில் செம்மை படரும். வேதாரண்யம், நாகப்பட்டினம் உப்புக் காற்றில் கேட்கவே வேண்டாம். எண்ணெய்த் துணியில் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். வழுக்கினால் சரி. நகம் மாட்டினால் குழி விழுந்துவிட்டது, காட்டுங்கள்.

மூன்று விஷயத்துக்கு மட்டும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். விசையை ஒரு முறை அழுத்த இரண்டு குண்டு போவது. ப்ரீச் மூடும்போதே தானாக வெடிப்பது. வழக்கத்தை விடச் சொத்தையான சத்தம். கடைசியில் சொன்னதுதான் பெரிய பயம். குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் பேரல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஆர்மரரைக் கூப்பிடுங்கள். நீங்களே அரம் போட்டுத் தேய்க்கிற வேலை எதற்குமே வேண்டாம்.

தோட்டா ஏறாமல் சிக்குவதுதான் எல்லோரும் சொல்கிற குறை. அதற்கு முதலில் மேகசினை மாற்றிப் பார்க்கச் சொல்வேன். போன மாதம் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். மேகசின்களுக்கு அடியில் சாக்பீஸால் நம்பர் போட்டு மாற்றி மாற்றிச் சுட்டிருக்கிறான். "மூணாம் நம்பர்தான் மாமா, தோட்டாவைப் பிடிக்கிற மேல் உதடு ஒரு பக்கம் விரிஞ்சிருக்கு. துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்றான்.