ஊதுபந்து என்னும் பிழைச்சொல்

டர்பனில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பொன்றில், காரூ வறள்நிலத்துக்குப் போய்வந்த மாணவி ஒருத்தி, கறையான் புற்றின்மேல் முளைத்திருந்த ஒரு காளானின் படத்தை ஒட்டி, அதன்கீழ் “தண்டு ஊதுபந்து” என்று எழுதியிருந்தாள். கையேடு ஒன்றில் கண்ட சொல்லையே அவள் நம்பி எழுதினாள், பிழை அவளுடையதன்று. இச்சொல்லை இவ்வாண்டில் மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டேன். இனியும் பேசாதிருந்தால் அது நிலைத்துவிடும்.

கையேடு அச்சொல்லால் குறிக்கும் காளான் இனத்தின் அறிவியற்பெயர் துலோஸ்டோமா. கிரேக்கத்தில் ‘துலோஸ்’ என்பது காய்ப்பு, குமிழ். ‘ஸ்தோமா’ என்பது வாய். 1794இல் இப்பெயரை இட்ட காளானியல் அறிஞர் பெர்சூன் 1761இல் நம் தென்னாப்பிரிக்கக் கேப் நிலத்தில் பிறந்தவர் என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அவருக்கு முன்பே 1753இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்கு ‘காம்புடையது’ என்று பொருள்படும் லத்தீன் அடைமொழியைத் தந்திருந்தார்.

இனி ஊதுபந்துக்கு வருவோம். அதை ஆக்கியவர் ‘ஸ்டாக்டு பஃப்பால்’ என்ற ஆங்கிலப் பெயரைப் பார்த்தாரே தவிர, காளானைப் பார்க்கவில்லை. ஊதுகுழல் என்றால் நாம் ஊதும் குழல். ஊதுபந்து என்றதும் தமிழ்ச்செவி நாம் ஊதி உப்பவைக்கும் பந்தையே, அதாவது பலூனையே நினைக்கும். வினைத்தொகையாதலால் ‘தானே ஊதும் பந்து’ என்றும் விரிக்கலாமே என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். இலக்கணம் அதற்கு இடந்தரும், காளான் இடந்தராது. அது எதையும் ஊதுவதில்லை. முதிர்ந்தபின் அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் வித்துத்தூளே. மழைத்துளியோ விலங்கின் காலோ மெல்லிய தோலை அமுக்கும்போது, துருத்தியை அமுக்கினாற்போல் அந்தத் தூள் உச்சித்துளை வழியே புகையாக எழுகிறது. ஆகவே பெயருக்கு உரியது தூள்தான், ஊதல் அன்று. டச்சுக்காரர்கள் இதனைத் தூள் பறத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்தே பெயரிட்டு, ‘காம்புள்ள தூள்பந்து’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டு பெயரிடவில்லை.

‘தண்டு’ என்பதும் தவறே. தண்டு கீரைக்கும் வாழைக்கும் உரியது. இலையும் கிளையும் தாங்குவது. பூவையோ கனியையோ தனியே தாங்குவதைக் காம்பு என்றே சொல்கிறோம். குடைக்கும் காம்பு உண்டு. காளானை நாய்க்குடை என்று அழைத்த பாட்டிமாருக்கு இதில் ஐயமே எழுந்திருக்காது. பூவையும் கனியையும் தாங்குவதற்குரிய சொல்லையே லின்னேயஸும் எடுத்தார். அவர் கருதியதும் நம் காம்புதான்.

அப்படியானால் தூளை எப்படிச் சொல்வது? ‘பொடிக்காளான்’ என்றால், பொடிமீன் போலச் சிறிய காளான் என்று பொருள் திரியும். ‘தூள்காளான்’ என்றால் சமையற்கட்டுப் பொட்டலம் நினைவுக்கு வரும். புழுதி தெருமண்ணைவிட்டு நகராது. பூழி என்ற பழஞ்சொல்லோ நுண்தூளுக்கு நேராக நிற்கிறது. சிறுபாணாற்றுப்படையில் கறையான் அரித்த சுவரின் பூழியில் காளாம்பி பூத்ததாகவே வருகிறது. காளானும் பூழியும் ஏற்கெனவே அடுத்தடுத்து நின்ற மொழியில், புதிதாகப் பந்தை உருட்டிவர வேண்டிய தேவை என்ன? காம்புப் பூழிக்காளான் என்பதே என் முடிவு. கூட்டப்பெயராக இது போதும். துலோஸ்டோமா இனத்தை மட்டும் பிரித்துச் சொல்லப் பெர்சூனின் கருத்தை ஒட்டிக் ‘குமிழ்வாய்’ எனலாம். அவ்வினத்தில் ஐரோப்பாவில் நன்கறியப்பட்ட துலோஸ்டோமா புரூமாலே, பெயரின் லத்தீன் அடைமொழிப்படி, பனிக்காலக் குமிழ்வாய் ஆகும். அதன் வாய் சிறு குழாயாக நீண்டு, அடியில் பழுப்பு வளையம் சூழ நிற்பதால், ஜெர்மானியர் அதன் பெயரில் முலைக்காம்பையே சேர்த்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய உறுப்புகளைப் பார்த்துப் பெயரிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், இனங்காண்பதே இவற்றால்தான் நடக்கிறது என்பது. குமிழ்வாயின் பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ளது. மண்ணுக்குள் உருவாகி, முதிரும்போது காம்பு நீண்டு அதனை மேலே தூக்குகிறது. காம்பின் நுனி பையின் அடிக்குழியில் பொருந்தி அங்கேயே நின்றுவிடும். வாய் குழாயாக உள்ளதா, விளிம்பு நார்நாராகக் கிழிந்துள்ளதா என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியில் வித்தின் மேற்பரப்பைப் பார்க்கிறார்கள். பையுள்ளே வித்து முதிர்வதால் முன்பு இவற்றை ‘வயிற்றுக் காளான்கள்’ என்ற தனிவகுப்பில் அடைத்திருந்தனர். வெவ்வேறு கால்வழிகளில் வந்தவை என்று தெரிந்தபின் அவ்வகுப்பு கலைந்தது. குமிழ்வாய் இன்று, நாம் கறி சமைக்கும் மொட்டுக்காளானின் குடும்பத்திலேயே வைக்கப்படுகிறது.

இனி அந்த மாணவியின் படத்தைப் பாருங்கள். நீண்டு கூம்பிய தலை. கீழ்விளிம்பு கிழிந்து கருந்தூள் உதிர்கிறது. கிழிசலின் வழியே காம்பு தலைக்குள் உச்சிவரை ஊடுருவிப் போவது தெரிகிறது. உச்சியில் வாய் இல்லை. காரூவின் கறையான் புற்றுகளில் வளரும் பொடாக்சிஸ் என்னும் வேறொரு காளான் இனம் அது, குமிழ்வாயே அன்று. ‘தண்டும் பந்தும்’ என்று கற்ற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். படத்தின் கீழிருந்த சொல்லை அடித்து ‘ஊடுகாம்புக் காளான்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்து, காம்பு எதுவரை போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.