மேட்ரிக்ஸ்: அணியும் அல்ல, தளமும் அல்ல

பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் கேட்டாள்: “மாமா, செல்புற அணின்னா அதுல எத்தனை நிரை, எத்தனை நிரல் இருக்கும்?” அவள்மேல் தப்பில்லை. செல்களைச் சூழ்ந்திருக்கும் பின்னலுக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ராசெல்லுலர் மேட்ரிக்ஸ் என்று பெயர். மேட்ரிக்ஸுக்குக் கணக்கில் இருக்கும் ‘அணி’ என்ற சொல்லை உயிரியலிலும் கொண்டுவந்து ஒட்டினால் பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

மேட்ரிக்ஸ் லத்தீன் சொல். தாய் என்று பொருள்படும் ‘மாதெர்’ என்பதிலிருந்து வந்தது, கருப்பையைக் குறித்தது. 1850-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் சில்வெஸ்டர் அதைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டார், அணிக்கோவைகள் (டிட்டர்மினன்ட்) பிறக்கும் இடம் என்ற கருத்தில். நாம் எண்களின் வரிசையைப் பார்த்து அணி என்றோம். கணக்குக்குச் சரி. செல்லுக்கு வெளியே வரிசை ஏது? கொலாஜன் இழை, லாமினின் போன்ற புரதங்கள் நீரில் ஊறிக் கிடக்கும் பின்னல் அது.

இந்தப் பின்னலைத் ‘தளப்பொருள்’ என்பவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு. தளம் காலுக்குக் கீழே இருப்பது. எலியின் கல்லீரல் செல்களைப் பிரித்து வெறும் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், சில நாளிலேயே தோசைமாவு போலத் தட்டையாகப் பரவிவிடும். அல்புமின் என்ற ரத்தப் புரதம் சுரப்பது குறையும், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் வற்றும். அடியில் மட்டும் கொலாஜன் கூழ் வைத்தாலும் ஓரிரு வாரத்தில் அதே கதிதான். 1989-இல் டன், யார்மஷ் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் செல்களுக்கு மேலேயும் ஒரு கொலாஜன் படலம் ஊற்றினார்கள். அல்புமின் 6 வாரம் சுரந்தது. கல்லீரலுக்குள்ளும் அப்படித்தானே, செல் அடுக்கின் இருபுறமும் இந்தப் பின்னல் மெல்லியதாகத் தழுவியிருக்கிறது. தளமே போதுமென்றால் மேலே ஊற்றியது எதற்கு?

இலங்கையில் ‘தாயம்’ என்கிறார்கள். தாய் என்ற ஒலி அதில் கேட்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே கணக்குக்கும் அதே சொல்தான். அந்தப் பெண்ணின் சந்தேகம் அங்கேயும் வரும்.

‘பொதிமம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. பொதிசோறு என்ற சொல் நம்மிடம் எப்போதிருந்தோ இருக்கிறது. எதற்குள் பொதிந்திருக்கிறதோ அது பொதிமம். செல்லுக்கு வெளியே இருப்பது செல்புறப் பொதிமம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குள் நொதிகள் பொதிந்திருக்கும் குழம்புக்கும் மேட்ரிக்ஸ் என்றுதான் பெயர்; அதற்கும் இதே சொல் இடறாமல் பொருந்தும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொருளைப் போய்ப் பார்ப்பதில்லை. அதுதான் வருத்தம்.

அவளுக்கு வாழையிலைக் கட்டுச்சோற்றைத்தான் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அடியில மட்டும் இலை போட்டா சோறு காஞ்சுடும்” என்றாள்.