டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள்

என் பட்டறையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருக்கிறது. உடைந்த கிளட்ச் லீவர், வளைந்த கியர் லீவர், பிய்ந்து தொங்கிய இண்டிகேட்டர் எல்லாம் அதில்தான் போய் விழும். மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். மலையேறப் போய் விழுந்த வண்டிகளின் சாமான்தான் அது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. பெட்ரோல் பங்க் வரிசையிலும் சிக்னலிலும் வீட்டு கேட் முன்னால் இருக்கிற சரிவிலும், நின்ற இடத்திலேயே சாய்ந்த வண்டிகள்தான் பெரும்பாலும். கொண்டு வருகிறவர்களும் இரண்டே ரகம். புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் ஒன்று, கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன் என்று பதினைந்து இருபது வருஷம் வண்டியை மறந்துவிட்டு இப்போது மறுபடி ஆசைப்பட்டு வந்தவர்கள் இன்னொன்று.

டூயல் ஸ்போர்ட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தாரிலும் ஓட வேண்டும், தார் முடிந்த பிறகு வரும் மண் பாதையிலும் ஓட வேண்டும். அதற்காக முன்சக்கரத்தைப் பெரிதாக்கி (வழக்கமாக 21 இன்ச்), ஷாக்ஸை நீளமாக்கி, அடிப்பாகத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது சீண்ட ஆளில்லை. 2016-ல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனும் 2019-ல் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200-ம் வந்த பிறகுதான் இந்த உயரமான வண்டிகளைத் தெருவில் சாதாரணமாகப் பார்க்க முடிகிறது.

வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் எத்தனை சிசி, எவ்வளவு மைலேஜ், லடாக் போகுமா என்றெல்லாம் கேட்பார்கள். லடாக்குக்கு ஸ்கூட்டரிலேயே போய் வந்திருக்கிறார்கள், அது வேறு கதை. கீழே விழுந்தால் நான் ஒருத்தனே தூக்கி நிறுத்த முடியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. புதியவருக்கும் இடைவெளி விட்டு வந்தவருக்கும் நான் பார்க்கச் சொல்லும் முதல் விஷயம் அதுதான்.

எடையைப் பாருங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவை ஒட்டி வரும். எக்ஸ்பல்ஸ் 210-ம் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸும் 167, 168 கிலோ. ஹிமாலயன் 450 என்றால் 196 கிலோ. ஏறக்குறைய முப்பது கிலோ வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரியும், ஆனால் அது ஒரு முழு கேஸ் சிலிண்டர். ஓடும்போது அந்த சிலிண்டர் தெரியவே தெரியாது, நெடுஞ்சாலையில் வண்டி ஆடாமல் போக அது உதவக்கூடச் செய்யும். சரளைக்கல் சரிவில் நிறுத்தி, ஒரு கால் வழுக்கி, வண்டி பத்து டிகிரி சாய்ந்த அந்த அரை நொடியில்தான் அது தெரியும்.

ஆகவே வாங்குவதற்கு முன், அந்த மாடலை வைத்திருக்கும் நண்பர் யாரையாவது பிடித்து, புல்தரையில் மெதுவாகப் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஷோரூமில் விடமாட்டார்கள். கியரில் போட்டுவிடுங்கள், அப்போதுதான் உருளாது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில் நுனியையும் இன்னொரு கையில் சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்பக்கமாக நடக்க வேண்டும். இடுப்பை வளைத்து இழுத்தால் மறுநாள் படுக்கைதான். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் இடது பக்கம் போய் விழும். என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது.

அடுத்தது உயரம். 825 மில்லிமீட்டர் சீட் என்றதும் பயந்து போகிறார்கள். அந்த எண் யாரும் உட்காராதபோது அளந்தது. உட்கார்ந்தால் ஷாக்ஸ் இறங்கும், குறுகலான சீட்டும் அகலமான சீட்டும் ஒரே உயரத்தில் இருந்தாலும் கால் எட்டுவதில் வித்தியாசம் வரும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள கல்லூரி மாணவி ஒருவர் எக்ஸ்பல்ஸில்தான் தினமும் போய் வருகிறார். நிற்கும்போது சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து இடது காலை மட்டும் முழுதாக ஊன்றுவார், வலது கால் பிரேக்கில் இருக்கும். அந்தப் பழக்கம் வர அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் எடை குறைந்தாலே எளிது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோதான், சீட்டோ 880 மில்லிமீட்டர், புதியவர் பலருக்கு விரல்நுனிதான் எட்டும்.

உயரத்தைக் குறைக்க லிங்க் (பின் ஷாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகம்) மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. செய்யலாம், ஆனால் எதற்காக இந்த வண்டியை வாங்கினீர்களோ அந்த கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, போய்விடும். அதோடு வண்டி இறங்கினால் சைடு ஸ்டாண்டையும் அதற்கேற்ப வெட்டிப் பற்றவைக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் வண்டி ஸ்டாண்டில் நேராக நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். முதலில் பிரீலோடை, அதாவது ஷாக்ஸ் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்திப் பாருங்கள், அப்புறம் தாழ்வான சீட் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

இடைவெளி விட்டு வந்தவர்களுக்கு வேறொரு ஆபத்தும் இருக்கிறது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பழைய புல்லட்காரர். அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். லைசென்ஸ் காலாவதியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த வயதில் எட்டு போட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டே பட்டறைப் பின்பக்கக் காலி இடத்தில் என் வண்டியை எடுத்துப் பழகினார். மெதுவாகப் போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. குறுக்கே ஒரு நாய் ஓடியதும் இடது காலை ஓங்கி அழுத்தினார். பிரேக்குக்குப் பதில் கியர் இறங்கி, வண்டி துள்ளி அணைந்தது. முப்பது வருஷத்துக்கு முன் படிந்த பழக்கம், பதற்றத்தில் வெளியே வருகிறது. முன் டிஸ்க் பிரேக்கைத் தொடவே பயப்படுவதும் அந்தக் காலத்து டிரம் பிரேக் பழக்கம்தான். இவர்களைப் போன்றவர்கள் டெலிவரி எடுத்த அன்றே வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுக்கும் கிளம்புவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். இரண்டு வாரம் காலி மைதானத்தில் பிரேக் மட்டும் பிடித்துப் பழகுங்கள்.

பவர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து பிஎஸ் (குதிரைத்திறன்) இருந்தால் புதியவருக்குத் தாராளம். ஹிமாலயன் 450 தரும் நாற்பது நல்ல நாற்பதுதான், இரண்டாவது வண்டியாக வாங்குங்கள்.

முதல் வண்டி எப்படியும் விழும். அதனால் செகண்ட் ஹேண்டுதான் என் ஓட்டு. கீழே குனிந்து என்ஜினுக்கு அடியில் இருக்கும் தட்டு எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று பாருங்கள், முன்பக்க ஷாக்ஸான ஃபோர்க்கின் சீலில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று சத்தம் தரும், தளர்ந்தது செத்த சத்தம். வரிசையாக நாலைந்து செத்த சத்தம் கேட்டால் அந்தச் சக்கரம் பெரிய குழியில் எங்கோ இறங்கியிருக்கிறது. ஸ்போக் சக்கரம் பெரும்பாலும் டியூபோடு வரும், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள். மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் வாங்குங்கள். சாய்ந்த வண்டி முதலில் விழுவது காலின் மேல்தான், செருப்பு போட்ட காலோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அந்த வங்கி அதிகாரி டெஸ்டில் தேறி, பழைய எக்ஸ்பல்ஸ் 200 ஒன்று வாங்கினார். போன மாதம் வலது பக்க பிரேக் லீவர் உடைந்து வந்தார்.

"எங்கீங்க சார் விழுந்தது?"

"வீட்டு கேட்டுக்கு முன்னாடிதான் தம்பி."

"யார் தூக்குனது?"

"நானேதான். ஸ்டாண்டை முதல்லயே விரிச்சு வச்சுட்டேன்ல!"

லீவரைக் கழற்றி டப்பாவில் போட்டேன்.