பத்து வருஷம் ஓட்டினால் பர்மனென்ட்டா?

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சரராக, அதாவது தற்காலிக ஆசிரியராகச் சேரும் பிள்ளைகளிடம் மறுபடி மறுபடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "பத்து வருஷம் ஓட்டிட்டா பர்மனென்ட் பண்ணிடுவாங்க சார்." இந்த வாரம் மட்டும் மூன்று பேர். யார்தான் கிளப்பிவிட்டார்களோ!

பண்ணமாட்டார்கள். முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாகச் சேர்ந்தவர், இத்தனை வருஷம் உழைத்தேன் என்பதை மட்டும் வைத்து நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்று 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் 'பத்து வருஷம்' முளைத்ததும் அதே தீர்ப்பில்தான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் காலியாக இருந்து அதில், உரிய தகுதியோடு, கோர்ட் உத்தரவின் தயவில்லாமல் பத்தாண்டு முடித்தவர்களை ஒரே ஒரு முறை பரிசீலிக்கச் சொன்னார்கள். அன்றைக்கு இருந்தவர்களுக்கான சலுகை அது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் நீண்டகாலத் தற்காலிகப் பணியாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போராடி வாங்கினார்கள். நிர்வாகம் தானாகத் தரவில்லை.

'அனுமதிக்கப்பட்ட பணியிடம்' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியில் வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்வீர்கள். நீங்கள் இருப்பதோ மதிய ஷிப்ட், சுயநிதிப் பிரிவு. அங்கே அரசு சம்பளம் தரும் பணியிடமே கிடையாது, பிறகு எதில் நிரந்தரமாவது? நியமன ஆர்டரை எடுத்துப் பாருங்கள். 'முற்றிலும் தற்காலிகம்', 'தொகுப்பூதியம்', 'இக்கல்வியாண்டுக்கு மட்டும்' என்று இருக்கும். ஆர்டரே தரவில்லையா? கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

சம்பளம் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று 2019 ஜனவரியில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னது. பலர் அதைக் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல் அனுபவச் சான்றிதழ். நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. முடிப்பதற்கு முன் ஓட்டிய வருஷங்களை டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் அனுபவமாகச் சேர்ப்பதில்லை. ஆறு வருஷம் பாடம் நடத்திவிட்டு ஏழாவது வருஷம் செட் எழுதினால் கையில் இருப்பது பூஜ்யம். முதலில் தகுதி, பிறகு வகுப்பறை. பணி முன்னேற்றத்துக்குப் பழைய சர்வீஸைச் சேர்க்கவும் யூஜிசியின் 2018 விதியில் நிபந்தனை உண்டு: முறையான தேர்வுக்குழு நியமித்திருக்க வேண்டும், நிரந்தர உதவிப் பேராசிரியருக்குக் குறையாத மொத்தச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். அவர்களுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கி வழியாக வரட்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை ஆபீஸில் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் நகலை வைத்துக்கொள்ளட்டும், ஒரிஜினல் உங்கள் பையில் திரும்பட்டும். அனுபவச் சான்றிதழை ஒவ்வொரு ஏப்ரலிலும் வாங்கிவிடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பாடம், முழுநேரமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் மேலொப்பத்துக்கும் தயவுசெய்து அப்போதே அனுப்புங்கள். விண்ணப்பக் கடைசி வாரத்தில் போய் நின்றால் பழைய முதல்வர் ஓய்வு பெற்றிருப்பார், புதியவர் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடச் சொல்வார்.