கராஜில் விமானம் கட்டலாமா? அமெரிக்காவின் '51 சதவீத விதி'

அமெரிக்காவில், கார் நிறுத்தும் கராஜில் சொந்தமாக ஒரு விமானம் கட்டத் தொடங்க எஃப்.ஏ.ஏ. எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. விமானப் பாகங்கள் தொகுப்பாக வரும் கிட் பெட்டி வந்து இறங்கிய அன்றைக்கே அலுமினியத் தகட்டில் துளை போட்டு, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அடிக்க ஆரம்பித்துவிடலாம். நிர்வாகம் வருவது கடைசியில்தான். வந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, இந்த விமானம் பறக்குமா என்பதல்ல. இதைக் கட்டியது யார், அதற்கு என்ன அத்தாட்சி என்பதுதான்.

மத்திய விதிகளின் 14ஆம் தலைப்பு, 21.191 பிரிவில் இது இருக்கிறது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இந்த வேலையில் இறங்கியவர்கள், விமானத்தின் பெரும்பகுதியைத் தாங்களே செய்து பொருத்தியிருக்க வேண்டும். அப்படியானால் அதற்கு 'எக்ஸ்பெரிமென்ட்டல்', அதாவது பரிசோதனைப் பிரிவில் பறக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். விதியில் இருப்பது 'பெரும்பகுதி' என்ற சொல்தான். அதைத்தான் எல்லோரும் '51 சதவீத விதி' என்கிறார்கள்.

பலர் குழம்புவது இந்த இடத்தில். 51 சதவீதம் என்பது செலவழித்த மணி நேரத்திலும் இல்லை, போட்ட பணத்திலும் இல்லை. வேலைகளின் பட்டியலில்தான் இருக்கிறது. இறக்கை, வால், உடல், சக்கரம், கட்டுப்பாட்டுக் கம்பிகள் என ஒவ்வொன்றிலும் என்னென்ன வேலைகள் உண்டு என்று நிர்வாகமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு வேலையையும் செய்தது கிட் கம்பெனியா, கூலிக்கு வந்தவரா, நீங்களா என்று பார்த்துக் கணக்குப் போடுவார்கள். என்ஜின், புரொப்பெல்லர், மீட்டர்கள் போன்றவற்றைக் கடையில் வாங்கினால் கணக்கு குறையாது. வீட்டில் என்ஜின் வார்க்கச் சொல்லி யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நீங்கள் ரிவெட் அடிக்கும்போது நண்பர்கள் வந்து அதற்குப் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். விதியிலேயே 'நபர்கள்' என்று பன்மையில்தான் இருக்கிறது. காசு கொடுத்து ஆள் வைப்பதும் தப்பில்லை, ஆனால் அவர் செய்த வேலை உங்கள் கணக்கில் ஏறாது. வேறொருவருக்காகக் காசு வாங்கிக்கொண்டு கட்டிக்கொடுப்பது இந்த விதிக்குள் வரவே வராது. கடைசியில் 8130-12 என்ற படிவத்தில், பெரும்பகுதியை நாங்களே கட்டினோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மத்திய அரசுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் அது. பொய் சொன்னால் குற்றம்.

கிட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? எந்தெந்த கிட்டுகள் இந்த விதிக்குப் பொருந்துகின்றன என்று எஃப்.ஏ.ஏ. ஏற்கெனவே பரிசோதித்து ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதில் இருக்கும் கிட்டை வாங்கினால் பாதித் தலைவலி போயிற்று. பாதி வேலை முடித்தே தருகிற 'குவிக்-பில்ட்' வகைகள்கூட அதில் உண்டு. ஆனால் அந்தக் கிட்டில் மிச்சம் வைத்திருக்கும் வேலையையும் கூலிக்கு விட்டால் எல்லை தாண்டிவிடும்.

ஓரிகனில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட்டின் ஆர்வி வகை விமானங்கள்தான் சொந்தமாகக் கட்டுவோர் மத்தியில் அதிகம் காணக் கிடைப்பவை. பெரும்பாலானோர் வால் பகுதி கிட்டை மட்டும் முதலில் வாங்கி, கை பழகுகிறதா என்று பார்த்துவிட்டு இறக்கைக்குப் போகிறார்கள். இது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. அந்த கம்பெனியே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கிட்டுக்குக் காத்திருந்தவர்கள் கூடுதல் விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. பிறகு கம்பெனி மீண்டு வந்துவிட்டது, சரி. ஆனால் நீங்கள் கட்டும் முன்பணத்துக்கு இந்த விதியில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இப்போது அத்தாட்சிக்கு வருவோம். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, செய்த வேலை, எந்தப் பாகம் எல்லாம் அதில் இருக்கட்டும். கூடவே படங்கள். சில படங்களில் உங்கள் முகமும் தெரிய வேண்டும். தகட்டை மூடி ரிவெட் அடித்த பிறகு உள்ளே என்ன செய்தீர்கள் என்று யாராலும் பார்க்க முடியாது, அதனால் மூடுவதற்கு முன் கட்டாயம் ஒரு படம். பாகம் வாங்கிய ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள். 1953இல் விஸ்கான்சினில் பால் போபெரெஸ்னி தொடங்கிய, சொந்தமாக விமானம் கட்டுவோருக்கான ஈ.ஏ.ஏ. சங்கத்தில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் காசு வாங்காமல் வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் வந்துபோனதையும் நோட்டில் எழுதுங்கள்.

கராஜைப் பற்றி மத்திய விதிக்குக் கவலையில்லை. உங்கள் எச்.ஓ.ஏ.வுக்கு, அதாவது குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு, இருக்கும். ரிவெட் கன் சத்தம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டும், அதனால் குடியிருப்பு விதிகளை முதலிலேயே படித்துவிடுவது நல்லது. இறக்கைகளைத் தனித்தனியாகக் கட்டி ஓரமாகச் சாய்த்து வைக்கலாம். உடலோடு இறக்கையைப் பொருத்துவது விமான நிலையத்தில் விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரில்தான் நடக்கும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தனிநபர் தன் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் கட்டலாம், ஆனால் தன் பெயரில் பதிவு செய்ய முடியாது. கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்பவர்கள் கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கட்டி முடித்துப் பதிவெண் வாங்கியதும் சோதனைக்கு விண்ணப்பிக்கலாம். எஃப்.ஏ.ஏ. அதிகாரியே வந்தால் கட்டணம் இல்லை. ஆனால் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பலரும் நிர்வாகம் நியமித்த தனியார் பிரதிநிதிக்குக் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள். காக்பிட் வாசலருகே 'எக்ஸ்பெரிமென்ட்டல்' என்று 2 முதல் 6 அங்குல உயர எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்று பயணிக்குச் சொல்லும் பலகையும் உள்ளே இருக்க வேண்டும்.

சான்றிதழ் கிடைத்தாலும் உடனே குடும்பத்தோடு கிளம்ப முடியாது. சான்றளிக்கப்பட்ட என்ஜின்-புரொப்பெல்லர் ஜோடி இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம், குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் பறந்து சோதிக்க வேண்டும். அதுவரை பயணி ஏறக்கூடாது. அதற்குப் பிறகும் வாடகைக்கு ஆள் ஏற்றவோ சரக்கு ஏற்றவோ கூடாது.

அப்புறம், அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 18 வயது நிரம்பிய முதன்மைக் கட்டுநருக்கு 'ரிப்பேர்மேன்' சான்றிதழ் கிடைக்கும். அதற்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அது இருந்தால் 12 மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஆய்வை மெக்கானிக்கிடம் போகாமல் நீங்களே முடித்துக் கையெழுத்துப் போடலாம். ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான் இது கிடைக்கும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து கட்டினால், அது யாருக்கு என்பதை முதல் ரிவெட்டுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தை விற்றால், அதை வாங்கியவருக்கு அந்தச் சான்றிதழ் போகாது.