சாவி திரும்பவில்லையா? முதலில் கையை எடுங்கள்

ஸ்டியரிங் லாக் ஆகி, சாவியும் திரும்ப மறுத்தால் பெரும்பாலானோர் உடனே செய்வது சாவியை இன்னும் பலமாகத் திருகுவதுதான். தயவுசெய்து வேண்டாம். "லாக் போயிடுச்சு" என்று சொல்லிப் பட்டறைக்கு இழுத்து வருகிற வண்டிகளில் நிறையவற்றில் லாக் நன்றாகத்தான் இருக்கும், சாவிதான் உள்ளே பாதியாக ஒடிந்து கிடக்கும். பணம் வாங்காமல் நகர்த்தியிருக்கக்கூடிய ஒரு வண்டி அந்த நொடியிலிருந்து செலவு வைக்கிற வண்டியாகிவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தானாக நிதானமாகிவிடும். சாவியை உருவியதும் ஸ்பிரிங் தள்ளும் ஒரு இரும்புத் துண்டு ஸ்டியரிங் தண்டை நோக்கி நகர்ந்து நிற்கும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்ததும் தண்டில் உள்ள பள்ளத்துக்குள் போய் விழும். அவ்வளவுதான் பூட்டு. சக்கரத்தை வளைத்தபடி நிறுத்திவிட்டாலோ டயர் நடைபாதை ஓரக்கல்லில் முட்டிக்கொண்டு நின்றாலோ, முறுக்கேறிய டயர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் முழுவதும் அந்த இரும்புத் துண்டைப் பள்ளத்தின் சுவரோடு நெருக்கிப் பிடிக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வராது. இதுவும் அதேதான், ஆனால் இழுக்கிற வேலையை ஒரு மெல்லிய சாவியிடம் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை சுமையை இறக்குவது. ஸ்டியரிங்கை இடதும் வலதும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் சுவரில் இடித்த மாதிரி நிற்கும், மறுபக்கம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இளகும் பக்கமாக ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுகையால் சாவியை மென்மையாகத் திருப்புங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்டியரிங்கை ஆட்டிவிட்டு, விட்டுவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்பினால் சுமை பழைய இடத்துக்கே வந்துவிடும். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டியரிங் உதவாது, எனவே கைக்குக் கனமாகத்தான் இருக்கும். டயர் கல்லில் அழுத்தி நின்றால், சமதரை என்றால் மட்டும், நியூட்ரலில் போட்டு வண்டியை ஒரு சாண் நகர்த்துங்கள். சரிவில் இதைச் செய்ய வேண்டாம்.

சாவி உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வராமல் இருப்பது வேறு கதை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லிவர் 'பார்க்'கில் முழுதாக உட்காராமல் மயிரிழை வெளியே நின்றால்கூடப் பல மாடல்களில் சாவியை விடாது. லிவரைப் பிரேக் மிதித்து எடுத்து மறுபடி அழுத்திப் போடுங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் சில வண்டிகளில் இதே தொல்லை வரும்.

சரி, ஸ்டியரிங் தளர்வாகவே இருக்கிறது, ஆனாலும் சாவி திரும்பவில்லை என்றால்? அப்போது சந்தேகம் சாவியின் மேலும், சாவி நுழைந்து சுழற்றும் பூட்டு உருளையான சிலிண்டரின் மேலும்தான். சிலிண்டருக்குள் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும், சாவியின் வெட்டு ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால்தான் அது சுழலும். வருடக்கணக்கில் சாவியும் தேயும், தகடும் தேயும். இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் குற்றவாளி சாவிதான். முழுவதும் சொருகிய சாவியை ஒரு துளி வெளியே இழுத்தபடி திருப்பினால் திரும்புகிறது என்றாலும் தேய்மானம்தான் காரணம். அந்த வித்தையை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். சாவியைச் சொருகிவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் அதன் தலையில் லேசாகத் தட்டினால் சிக்கிய தகடு சில சமயம் விடுபடும். லேசாக என்றால் லேசாகத்தான். வளைந்த சாவியை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது, அடுத்த முறை உள்ளே ஒடியும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. சாவித் துளையில் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றினால் அன்றைக்கு வேலை செய்யும், பிறகு தூசியைச் சேர்த்துப் பிசினாகும். ஈரமில்லாத கிராஃபைட் பொடியோ டெஃப்லான் ஸ்ப்ரேயோ போதும், அதுவும் மிகக் கொஞ்சம். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், சிலிண்டருக்குப் பின்னால் இருப்பது மின்சுவிட்ச், எனவே பொடியைக் கொட்டக் கூடாது. ஏற்கெனவே எண்ணெய் போயிருந்தால் அதன்மேல் கிராஃபைட் போடாதீர்கள், இரண்டும் குழைந்து சேறாகும்.

இதற்கு மேல் கழற்ற வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஏர்பேக் பிரிவு பேட்டரி இல்லாமலும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பொதுவாக ஏர்பேக்குடையவை, அவற்றில் டெஸ்டர் வைக்காதீர்கள். பல வண்டிகளில் சாவியை 'ஆக்சசரி' நிலைக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) திருப்பி, பக்கத்தில் உள்ள சின்ன ஓட்டையில் மெல்லிய கம்பியால் ஒரு பின்னை அழுத்தினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், சாவி திரும்பாதபோது அந்தப் பின்னும் பெரும்பாலும் அமுங்காது. வீட்டு வேலை முடியும் எல்லை அதுதான் என்பது என் கருத்து. அதற்கப்புறம் டிரில் போட வேண்டும், இரும்புத் தூள் சுவிட்சுக்குள் போகும், பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்களின் தலையும் கழற்ற முடியாதபடி வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருக்கும். ஸ்டியரிங் தண்டும் மோதலில் மடங்கிக் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது, சுத்தியல் அடிக்கு அல்ல.

ஸ்டியரிங்கை முரட்டுத்தனமாக ஒடித்துத் திருப்பிப் பூட்டை உடைத்துவிட்டு வயரை நேரடியாக இணைத்து ஓட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எனக்குப் பயம் இந்த வண்டிகளைப் பார்த்தால்தான். சிக்கிய பூட்டு உங்களைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உடைந்த துண்டு உள்ளே கிடக்கிற பூட்டு ஓடும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளக்கூடும். இக்னிஷனில், அதாவது சாவி இயக்கும் சுவிட்சில், சின்னக் குறை என்ன செய்யும் என்பதற்கு 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் திரும்பப் பெற்ற கார்களே போதும். சுவிட்சின் பிடிப்பு பலவீனமாக இருந்ததால் கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடிப்போ ஓட்டத்திலேயே சாவியைத் திருப்பிவிட்டது, எஞ்சின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, ஏர்பேக்கும் விரியவில்லை. 124 மரணங்களை அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. உங்கள் சாவிக்கொத்தில் தொங்குகிற பொம்மையையும் வீட்டுச் சாவிகளையும் இப்போதே கழற்றுங்கள்.

யார் பழுதுபார்த்திருந்தாலும் சாலையில் இறக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி நின்றபடியே எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள், எங்கும் உரசலோ பிடிப்போ இருக்கக் கூடாது. பிறகு 'ஆன்' நிலையில் சாவியை உருவிப் பாருங்கள். வந்துவிட்டால் சிலிண்டர் தீர்ந்துபோய்விட்டது, மாற்றும்வரை ஓட்டாதீர்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் சாவி உள்ளேதான் இருக்க வேண்டும், பூட்டு விடுபட்ட நிலையில்.

சாவியைத் திருப்பாமல் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிக்காரர்களுக்கு ஒரே வரி: முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் ஸ்டியரிங்கை லேசாக ஆட்டியபடி பட்டனை அழுத்துங்கள். சாவி நன்றாகத் திரும்பியும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் டேஷ்போர்டில் பூட்டு விளக்கு மின்னினால் பிரச்சினை பூட்டில் இல்லை, சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை.

புதுச் சாவி வெட்டும்போது தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டச் சொல்லாதீர்கள், அதன் தேய்மானமும் சேர்ந்தே வரும். வண்டி வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் எண் கொடுத்திருப்பார்கள், அதை வைத்து வெட்டினால் முதல் நாள் சாவி கிடைக்கும். அந்தத் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காருக்குள் மட்டும் வைக்காதீர்கள்.